முதியோர் இல்லத்தில் இறுதி நாள்கள்



விளக்கு வைக்கும் வேளையிற் சாவைப் பற்றிப் பேசலாகாது என்பது நம் வீடுகளிற் பாட்டிமார் இட்ட கட்டளை. அக்கட்டளையை மீறியே இன்று பேச வேண்டியவளாக இருக்கின்றேன். முதியோர் இல்லங்களிற் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றிய காலத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. இப்பேச்சை எடுக்க அஞ்சியவர்கள் பிள்ளைகளும் உறவினரும் பணியாளருமேயன்றி, அங்கு வாழ்ந்த முதியோர் அல்லர். எண்பத்தாறு வயதான ஆச்சி ஒருவர், நான் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்த பொழுது, சந்தைக் கணக்குச் சொல்லும் குரலிலே, "பிள்ளை, நான் அந்தரப்படாமற் போக வேணும். அதுக்கு ஒரு வழி செய்" என்றார். அந்த வழி யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடையோர். அத்தொகை அதன் பின்னர் ஏறிக்கொண்டே வந்திருக்கின்றது. பிள்ளைகளுள் ஒருவர் கொழும்பில், மற்றவர் கடல் கடந்த நாட்டில் என்று குடும்பங்கள் சிதறிய பின்னர், கைதடியிலுள்ள அரச முதியோர் இல்லம் போன்ற இடங்கள் பலருக்கு இறுதி வீடாகிவிட்டன. இல்லத்தின் படியேறி வருபவர்களுட் பெரும்பாலோர் மீண்டும் தம் வீட்டுக்குச் செல்வதில்லை. ஆகவே நன்றாக வாழ வைப்பது எவ்வாறு இல்லத்தின் கடமையோ, அவ்வாறே நன்றாக வழியனுப்புவதும் அதன் கடமையாகும்.

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று வைத்தியர் கூறக் கேட்டிருப்பீர்கள். நோயைக் குணப்படுத்தச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். கேட்பவரோ, செய்வதற்கே ஒன்றுமில்லை என்று கொண்டுவிடுகின்றனர். உண்மையில் தாதியின் வேலை அந்த நாளிலிருந்து இரட்டிக்கின்றது. இதனை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் சிசிலி சோண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1918ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே தாதிப் பயிற்சி பெற்றார். முதுகு நோவு காரணமாக அத்தொழிலை விட்டு, ஆஸ்பத்திரியிற் சமூக சேவையாளராக அமர்ந்தார். 1948இல், இலண்டனிலே புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த தாவீத் தாஸ்மா என்னும் போலந்து நாட்டு அகதியோடு அளவளாவி வந்தார். இறப்போருக்கென ஓர் இல்லம் அமைய வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். அம்மனிதர் தம் கையிலிருந்த 500 பவுணை அவ்வெண்ணத்திற்காக விட்டுச் சென்றார். தாதி சொன்னாற் கேளார், வைத்தியர் சொன்னாற் கேட்பர் என்று கண்ட அம்மையார், பின்னர் வைத்தியமும் கற்று 1957இல் வைத்தியரானார். 1967இல் இலண்டன் மாநகரிலே புனித கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. 2005இல் அம்மையாரும் அவ்வில்லத்திலேயே கண்மூடினார்.

அவர் கற்பித்தவை பல. இன்றைய பேச்சுக்கு இரண்டு போதும். நோவு வந்த பின் மருந்து தேடாது, அது வருமுன்னரே நேரந் தவறாது கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. நோவென்பது சரீரத்தோடு நிற்பதன்று. மனத்துயரும், குடும்பக் கவலையும், கடவுளைப் பற்றிய ஏக்கமும் கலந்த முழு நோவு அது என்பது மற்றொன்று. அவர் பெரும்பாலும் புற்றுநோயாளரையே மனத்திற் கொண்டு தொடங்கினார். முதியோர் இல்லத்திலோ இருதயம் தளர்ந்தவர், சிறுநீரகம் சோர்ந்தவர், மறதிநோயால் தம் பெயரையும் மறந்தவர் என்று பலர் இருப்பர். இவர்களுடைய பாதை நேரானதன்று. இன்று போய்விடுவார் என்று நினைத்தவர், நாளை எழுந்து தேநீர் கேட்பதும் உண்டு.

அவ்வாறாயின் முடிவு நெருங்குவதை அறிவது எங்ஙனம்? சோறூட்டும் பரிசாரகியே இதனை முதலில் அறிவாள் என்பது என் அநுபவம். அரைக் கோப்பையாக இருந்த உணவு இரண்டு கரண்டியாகின்றது. பகலிலும் உறக்கம் மிகுகின்றது. பேச்சுக் குறைகின்றது. விழுங்குவதற்கு நேரம் செல்கின்றது. இவை வாரக்கணக்கில் நிகழ்பவை. இறுதி நாள்களிலோ சிறுநீர் குறைந்து நிறம் கடுக்கும். கையும் காலும் குளிர்ந்து, முழங்காலிலும் பாதத்திலும் நீலம் படர்ந்த திட்டுக்கள் தோன்றும். மூச்சு ஆழ்ந்து எழுந்து, பின் மெலிந்து, சிறிது நேரம் நின்று, மீண்டும் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் டப்ளின் நகரிற் பணியாற்றிய செயின், ஸ்ரோக்ஸ் என்னும் இரு வைத்தியர்களின் பெயரால் இம்மூச்சு இன்றும் வழங்குகின்றது. நின்ற மூச்சைக் கண்டு உறவினர் அலறுவர். அது அவருக்கு மூச்சுத் திணறல் அன்று என்பதை முன்னரே சொல்லி வைத்தால் அந்த அலறல் நேராது.

இனி, நமது மக்களுக்கு எல்லாவற்றிலும் கடினமான விடயத்திற்கு வருகின்றேன். அது உணவு. மேலே நான் கூறிய ஆச்சிக்குக் கொழும்பில் ஒரு மகள் இருந்தார். தாய் உண்பதில்லை என்று கேள்விப்பட்டு இரவு பஸ்ஸிலே வந்து இறங்கினார். கையிலே ஒரு தேர்மோஸ் போத்தல் நிறைய மரக்கறி சூப். வந்தவுடன் தாயைச் சாய்வாகக் கூட இருத்தாது, கரண்டியை வாயில் வைத்தார். ஆச்சி முகத்தைத் திருப்பினார். மகள் விடவில்லை. இரண்டாவது கரண்டியில் ஆச்சிக்குப் புரையேறி, முகம் சிவந்து, கண்களால் நீர் வடிந்தது. "பட்டினி கிடந்து என்ர அம்மா சாகிறதைப் பார்த்துக்கொண்டு நிக்கச் சொல்லுறீங்களோ?" என்று மகள் என்னைக் கேட்டார். அக்கேள்வியில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனாலேயே அதற்கு விடையிறுப்பது கடினம்.

உண்ணாமையால் அவர் இறக்கவில்லை. இறந்துகொண்டிருப்பதால் அவர் உண்ணவில்லை. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். அடங்கும் சரீரம் உணவைச் செரிக்கவும் பயன்படுத்தவும் வல்லதன்று. பசியும் அதனோடு அடங்குகின்றது. விழுங்கும் தசைகள் தளர்ந்த நிலையில் ஊட்டிய உணவு சுவாசப்பைக்குட் சென்று நியுமோனியாவை உண்டாக்கும். மூக்கு வழியாகவோ வயிற்றைத் துளைத்தோ குழாய் இடுவதும் இந்நிலைக்குத் தீர்வாகாது. மறதிநோய் முற்றிய முதியோருக்கு உணவுக் குழாயைப் பரிந்துரைப்பதற்கில்லை என்றும், கையால் மெல்ல ஊட்டுவதே தக்கது என்றும் அமெரிக்க முதியோர் வைத்தியச் சங்கம் 2014ஆம் ஆண்டில் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. சேலைன் ஏற்றுவதும் அத்தகையதே. சில வேளைகளிற் காரணத்தோடு அது தேவைப்படலாம். ஆனால் இறுதி நாள்களிற் சரீரம் அந்நீரை ஏற்காது. கைகால் வீங்கும், நெஞ்சிற் சளி பெருகும். அவரை வருத்துவது பெரும்பாலும் சரீரத்தின் நீர்க்குறைவு அன்று, வாயின் வறட்சியே. அதற்கு மருந்து தாதியின் கையில் இருக்கின்றது.

அன்று அந்த மகளிடமிருந்து சூப்புப் போத்தலை வாங்கி வைத்துவிட்டு, ஒரு சிறு கிண்ணத்தில் நீரும், மென்மையான பல்துலக்கியும், சுத்தமான துணித்துண்டும் கொடுத்தேன். தாயின் தலையை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, துணியை நனைத்துப் பிழிந்து, உதட்டையும் ஈறையும் நாவையும் துடைக்கக் காட்டிக் கொடுத்தேன். ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை இதனைச் செய்தல் வேண்டும். பின்னர் உதட்டிற் சிறிது வசிலின். பொய்ப்பல் கட்டியிருந்தால் அதனைக் கழற்றிக் கழுவ மறக்கலாகாது. ஆச்சி இம்முறை முகத்தைத் திருப்பவில்லை. நனைந்த துணியை உதடுகளாற் பற்றிக்கொண்டார். அன்று முழுவதும் மகள் அந்த வேலையை வேறொருவரிடமும் விடவில்லை.

பால் பருக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இறுதி நேரத்தில் உறவினர் ஒவ்வொருவராக வந்து கரண்டியாற் பால் வார்க்கும் சம்பிரதாயத்தைத் தாதிமார் சிலர் கடிந்து தடுப்பதைக் கண்டிருக்கின்றேன். கடிவது தவறு. வாய் நிறைய வார்ப்பதுந் தவறு. பாலில் நனைத்த பஞ்சினால் உதட்டைத் தொட்டால் வழக்கமும் நிறைவேறும், புரையும் ஏறாது. வழக்கத்தை முறிக்காது அதன் கூர்மையை மாத்திரம் மழுக்கத் தெரிந்திருப்பது தாதிக்கு வேண்டிய கல்வியில் ஒரு பகுதி.

நோவைப் பற்றிச் சொல்வேன். வாய்விட்டுச் சொல்லக்கூடியவரிடம் கேட்டு அறியலாம். மறதிநோயால் மொழியை இழந்தவர் என் செய்வார்? அவருடைய சரீரம் பேசும். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஓர் அளவுகோல், அத்தகையோரிடத்து ஐந்து விடயங்களைக் கவனிக்குமாறு கூறுகின்றது: மூச்சு, முனகல், முகக்குறி, உடலின் நிலை, ஆறுதல் சொன்னால் அடங்குகின்றாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை புள்ளி. ஆக மொத்தம் பத்து. குளிப்பாட்டும்போது "முரண்டு பிடிக்கிறார்" என்று நாம் குற்றஞ் சாட்டும் முதியவர், இடுப்பு நோவினால் அவ்வாறு செய்பவராக இருத்தல் கூடும். எத்தனையோ பேரை "குழப்படிக்காரர்" என்று எழுதி வைத்த பழைய அறிக்கைகளை நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

நோவு கடுமையாயின் வைத்தியர் மோர்பின் எழுதுவார். இப்பெயரைக் கேட்டவுடன் மூன்று அச்சங்கள் எழுகின்றன: அடிமையாகிவிடுவார், மயங்கிக் கிடப்பார், மரணம் விரைந்து வரும் என்பன. வாழ்நாளின் இறுதியில் நோவுக்கென அளவறிந்து கொடுக்கும் மருந்தினால் அடிமைத்தனம் என்னும் பேச்சுக்கு இடமில்லை. முதல் ஓரிரு நாள்களில் உறக்கமும் ஓங்காளமும் இருக்கலாம். அவை பெரும்பாலும் தணியும். சிற்றளவிலே தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது மூச்சை நிறுத்துவதில்லை. மூச்சுத் திணறலையும் அது தணிக்கும். முதியோரின் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் அளவு குறைய வேண்டும், இடைவெளி நீள வேண்டும் என்பதை வைத்தியர் கணிப்பார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்று அவர் எழுதியிருந்தால், "ஐயா உறங்குகின்றார், எழும்பட்டும்" என்று பிந்தலாகாது. நோவோடு எழும்பியவரை மீண்டும் ஆற்றுவது இரட்டை வேலை. மலச்சிக்கலோ இம்மருந்தின் நிழல். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கூட வர வேண்டும். விழுங்க இயலாதபோது தோலின் கீழ் ஊசியாகக் கொடுக்கலாம். ஒரு நாளுக்குரிய மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிறு இயந்திரமும் உண்டு. நம் நாட்டிற் சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரையிலான காலத்துக்கென நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. காகிதத்தில் உள்ளது கட்டிலருகே வந்து சேர்வதற்கு, இல்லத்தை நடத்துவோர் அயலிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரோடு முன்கூட்டியே தொடர்பு வைத்திருத்தல் அவசியம். நள்ளிரவில் மருந்து தேடுவது எவருக்கும் இயல்வதன்று.

படுக்கைப் புண் பலரும் அறிந்ததே, சுருங்கச் சொல்கின்றேன். முள்ளந்தண்டின் அடி, இடுப்பு, குதிக்கால், தோள், தலையின் பின்புறம் ஆகியவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்த வெண்மையாகாது சிவந்தே நின்றால், புண் தொடங்கிவிட்டது என்று அறிக. கறுத்த மேனியில் இச்சிவப்புத் தெளிவாகத் தெரியாது. வெப்பத்தையும் தடிப்பையும் கைவைத்துத்தான் அறிதல் வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்கலாகாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டும் விதி நல்ல விதியே. ஆயினும் இறுதி ஓரிரு நாளிற் புரட்டுவதே அவரை வருத்துமாயின், விதியைத் தளர்த்தித் தலையணையால் மெல்லச் சாய்த்து வைப்பது போதும். அட்டவணை நிரம்ப வேண்டுமென்று ஒருவரை அலற வைத்தல் பராமரிப்பாகாது.

நெஞ்சிற் சேடம் இழுக்கும் ஒலி உறவினரை நடுங்க வைக்கும். அது தொண்டையிற் தங்கிய சளியின் ஊடாக மூச்சுச் செல்லும் ஓசை. அந்நிலையில் அவர் பெரும்பாலும் உணர்வு மங்கியவராதலின், கேட்பவரை வருத்துமளவு அவரை அது வருத்துவதில்லை. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் ஒலி தணியும். குழாய் விட்டுச் சளி உறிஞ்சுவது பெரும்பாலும் வேதனையைக் கூட்டும். முதியவர் அமைதியின்றிப் புரண்டு, துணியைப் பிடுங்குவாராயின், மருந்துக்கு ஓடுமுன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டியிருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம். இதனைக் கவனியாது உறக்க ஊசி போட்ட இரவுகளை நான் அறிவேன்.

கண் மூடிக் கிடப்பவர் கேட்கின்றாரா? 2020ஆம் ஆண்டிற் கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், மறுமொழி கூற இயலாத நிலையில் இறந்துகொண்டிருந்த சிலரது மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியதை மின்பதிவால் அறிந்து வெளியிட்டனர். கேட்டதை விளங்கிக்கொண்டனரா என்று அப்பதிவு கூறாது. எனினும் கட்டிலின் மேலாகக் காணி உறுதியைப் பற்றி வழக்காடுவோருக்கு இச்செய்தி போதும். பெயர் சொல்லி அழைத்து, "ஐயா, இப்பொழுது வலப்பக்கம் திருப்பப் போகின்றேன்" என்று அறிவித்த பின்னரே தொட வேண்டும். தேவாரம் விரும்புபவருக்குத் தேவாரம். கத்தோலிக்கர் எனின் குருவானவரை அழைத்து அவஸ்தைப்பூசுதல். முஸ்லிம் எனின் கிப்லாவை நோக்கிக் கட்டிலைத் திருப்பி, அருகிலிருந்து கலிமா ஓத ஒருவர். பௌத்தர் எனின் பிரித். எது வேண்டும் என்பதை அவர் பேசக்கூடிய காலத்திலேயே கேட்டு எழுதி வைத்திருத்தல் வேண்டும். ஒன்றுமே வேண்டாம் என்பாரும் உளர்; அதனையும் எழுதுக.

எழுதி வைக்காமையால் நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. என் பணியின் தொடக்க ஆண்டுகளில், புகையிரதப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் இல்லத்தில் இருந்தார். ஓரிரவு இரண்டு மணியளவில் அவருடைய மூச்சு மாறியது. நான் தனியாக இருந்தேன், பயந்தேன், அம்புலன்ஸ் வண்டியை அழைத்தேன். விடியுமுன், ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு தள்ளுவண்டியின் மேல், அவரை அறியாதவர் நடுவே அவர் உயிர் பிரிந்தது. அடுத்த கட்டிலில் ஒன்பது ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த நண்பர், காலையில் என்னிடம், "ஏன் பிள்ளை அவரை அனுப்பினனீர்?" என்று மட்டும் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, இரத்தம் பெருகினாலோ, இல்லத்தில் ஆற்ற இயலாத நோவு வந்தாலோ ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே முறை. தாதியின் பயம் மாத்திரம் காரணமாக எவரையும் அனுப்பலாகாது. முதியவரும் குடும்பத்தாரும் வைத்தியரும் கூடிப் பேசி, எது வரின் அனுப்புவது, எது வரின் இங்கேயே வைத்துப் பார்ப்பது என்று ஏட்டில் எழுதி, இரவுப் பணியாளர் எடுக்கும் இடத்தில் அவ்வேட்டை வைப்பதே அப்பயத்துக்கு மருந்து.

ஆச்சிக்கு அவ்வாறு எழுதி வைத்திருந்தோம். சூப்புக் கொண்டுவந்த நான்காம் நாள், பின்னிரவிலே, மகளின் கை அவருடைய நெற்றியில் இருக்க, மூச்சு ஒரு முறை நின்று பின் தொடங்கவில்லை. கண்களை மூடி, தாடையைக் கட்டி, வெந்நீரால் உடலைத் துடைத்தோம். துடைக்கும்போது, உயிரோடிருந்தபோது சொன்னதுபோலவே, "ஆச்சி, கையைத் தூக்குகின்றேன்" என்று சொல்லியே துடைத்தோம். புதிய பரிசாரகி ஒருத்தி இதனைக் கேட்டுச் சிரிக்க வந்து, பின்னர் தானும் அவ்வாறே சொல்லத் தொடங்கினாள்.

இல்லங்களிலே இறந்தவரை மற்றவர்கள் விழிக்குமுன் பின்வாசலால் எடுத்துச் செல்லும் வழக்கமொன்று முன்பு இருந்தது. முதியோர் மனம் நோவர் என்பது சொல்லப்பட்ட நியாயம். காலையில் எழுந்து வெற்றுக் கட்டிலைக் காண்பவர், நாளை தம்மையும் இவ்வாறே களவாக எடுத்துச் செல்வர் என்று எண்ணாரா? நாங்கள் அன்று விடியும்வரை காத்திருந்தோம். ஒவ்வொரு கட்டிலாகச் சென்று, "ஆச்சி இரவு போய்விட்டார், நோவில்லாமற் போனார்" என்று சொன்னோம். எழக்கூடியோர் எழுந்து வந்தனர். எழ முடியாத ஒருவரைச் சக்கர நாற்காலியிற் கொண்டுவந்தோம். திருநீறு பூசி, பூவைத்து, ஆச்சியை முன்வாசலால் அனுப்பினோம். கட்டிலை ஒரு நாள் வெறுமையாக விட்டு, அதன்மேல் அவருடைய வெற்றிலைத் தட்டத்தை வைத்திருந்தோம். அடுத்த கட்டில் அம்மா மாலையில் வந்து, அத்தட்டத்திலிருந்து பாக்குவெட்டியைத் தாம் வைத்துக்கொள்ளலாமோ என்று கேட்டார். மகள் அதனை எடுத்து அவர் கையிற் கொடுத்தார். அவ்வில்லத்தில் அதன் பின்னர் எவரும் பின்வாசலாற் செல்லவில்லை.